வெளிச்சம் விழும் தூரம்

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மரநாயை என் காரில் அடித்துவிட்டேன். அப்பாவைத் தவிர யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை.

பொள்ளாச்சியில் ஒரு பள்ளியில் வேலை. அம்மாவும் அப்பாவும் வால்பாறையில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மேலே ஏறி, ஞாயிறு மதியம் இறங்கிவிடுவேன். அன்றைக்குப் பெற்றோர் கூட்டம் இழுத்துவிட்டதால் கிளம்பும்போதே ஐந்தரை மணி. அக்டோபர் மாதம். மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வழியில் கவர்க்கல் என்ற இடத்தின் பனிமூட்டத்தில் இருபதிலேயே ஊர்ந்து வந்தவள், பனி விலகி ரோடு கொஞ்சம் நேராகத் தெரிந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்கலாம் என்று மிதித்துவிட்டேன். அறுபதில் போயிருப்பேன். இடதுபக்கத் தேயிலையிலிருந்து பழுப்பாக, நீளமாக ஒன்று இறங்கியது. பிரேக்கில் கால் வைப்பதற்குள் சக்கரத்தடியில் 'தட்' என்று ஒரு சத்தம்.

நிறுத்திவிட்டு இறங்கிப் போய் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வாலும் உடம்பும் ஒரே நீளம். மீசை மயிரில் மழைத்துளிகள் அப்படியே நின்றன. முன்னங்காலின் உள்ளங்கை ரோஸ் நிறத்தில், சின்னக் குழந்தையின் கை மாதிரி விரிந்திருந்தது. விலா இரண்டு மூன்று முறை ஏறி இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. காரிலிருந்த ரப்பர் மேட்டில் அதை ஏந்தி, ரோட்டோரம் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தேன். அதைத் தின்ன வேறொன்று ரோட்டுக்கு வந்து அதுவும் அடிபடக்கூடாது என்று, கொஞ்சம் உள்ளே தள்ளியே வைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். முப்பத்தோரு வருடம் கொழுந்து லாரி ஓட்டியவர் அவர். திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

"எவ்வளவுல வந்தே பாப்பா?"

"அறுபது இருக்கும்பா."

"லைட்டு எவ்வளவு தூரம் விழுந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. கார் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. மைலேஜ் தெரியும், டயர் காற்று எவ்வளவு என்று தெரியும். என் கார் விளக்கு எத்தனை அடி தூரம் காட்டுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் இருட்டியதும் லைன் வீடுகளுக்கு முன்னால் இருக்கும் நேர் ரோட்டில் காரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். விளக்கை டிம்மில் வைக்கச் சொன்னார். பனிக்காலத்தில் போடும் காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தலையில் கறுப்பு மப்ளரைச் சுற்றிக்கொண்டு, காருக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தப்படியையும் சத்தமாக எண்ணினார். "நான் தெரியாம போறப்போ சொல்லு."

முப்பது வரைக்கும் அப்பா அப்பாவாகவே தெரிந்தார். நாற்பதில் கால் மட்டும் வெளிச்சத்தில் இருந்தது, மேல் உடம்பு இருட்டோடு கலந்துவிட்டது. நாற்பத்தெட்டு என்று குரல் வந்தபோது ஆள் இல்லை, ரோடு மட்டும்தான் இருந்தது. "தெரியலப்பா" என்று கத்தினேன். அவர் அங்கேயே நின்றார். "இங்கதான் அது நின்னுச்சு" என்று இருட்டுக்குள்ளிருந்து சொன்னார்.

ஒரு தப்படி எழுபது சென்டிமீட்டர் என்றால் 48 தப்படி 34 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்று ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டேன். நான் கணக்கு டீச்சர். இந்தக் கணக்கை எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். அறுபதில் போகும் வண்டி ஒரு நொடியில் 17 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, இன்னதென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 25 மீட்டர் போய்விடுகிறது. காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றால் நிற்க இன்னொரு 20 மீட்டர். மொத்தம் 45. ஈர ரோட்டில் இன்னும் கூடும். எனக்குத் தெரிந்ததோ 34 மீட்டர். அந்த மரநாய் என் கண்ணில் படும்போதே கணக்கு முடிந்துவிட்டது. கவனமாக ஓட்டியிருந்தாலும் அந்த வேகத்தில் நிறுத்தியிருக்க முடியாது.

அதே கணக்கை நாற்பதுக்குப் போட்டால், கால் போவதற்குள் 17 மீட்டர், நிற்க 9 மீட்டர், மொத்தம் 26. எட்டு மீட்டர் மிச்சம். ஒரு மரநாய் ரோட்டைத் தாண்ட அந்த இடம் தாராளமாகப் போதும்.

காட்டு ரோட்டில் வேகம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். பகலில் வளைவு எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு, ராத்திரியில் விளக்கு எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு, பனிமூட்டத்தில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு தெரிகிற அளவு. பலகையில் எழுதியிருக்கும் எண் அதற்கு மேல் இருந்தால், அதைப் பார்க்க வேண்டாம்.

'கண் மின்னுமே, தெரியாதா' என்று பலர் கேட்கிறார்கள். மின்னும். மான், பூனை இனம், மரநாய் எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது, விளக்கு பட்டால் திருப்பி அடிக்கும். ஆனால் அது நம்மைப் பார்த்தால்தான் மின்னும். ரோட்டைத் தாண்டும் விலங்கு போகிற பக்கத்தைப் பார்த்துத்தான் போகும். பக்கவாட்டில் வரும் உடம்புக்கு மின்னல் கிடையாது.

எங்கள் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை அறுபத்தைந்து கிலோமீட்டருக்குப் பக்கம். ஆழியார் அணை வரைக்கும் தென்னந்தோப்பு. சோதனைச்சாவடி தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. இந்த ரோட்டைப் போட்ட பொறியாளர் லோம் பெயரால் வந்த பெயர். கீழே அணை முழுவதும் தெரியும் என்பதால் வண்டிகள் அங்கேதான் நிற்கும். அங்கேதான் வரையாடும் நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாதது, ரோட்டோரத் தடுப்புச் சுவரின் மேல் சாதாரணமாக நடந்து போகும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது, சந்தோஷத்தில் வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடுகிறார்கள். அது வளைவு. கீழிருந்து ஏறி வரும் பஸ்ஸுக்கு அந்தக் கார் நிற்பது தெரியாது. ஆடும் தெரியாது. நிறுத்தத்தான் வேண்டும் என்றால் வளைவு தாண்டி, நேரான இடத்தில், ரோட்டை விட்டு இறக்கி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஆடு எங்கேயும் போகாது.

வால்பாறைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் புதுத்தோட்டம். நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் ஒரு துண்டுக் காடு அது. நூறு ஹெக்டேர்கூட இருக்காது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கவால் குரங்குகள். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். சோலைமந்தி என்றும் சொல்வோம். இது மரத்து உயிர். அடர்ந்த காட்டில் இருப்பவை நாள் முழுக்க மரத்தின் உச்சியிலேயே திரியும், வெடிப்பலாவும் அத்திப்பழமும் பூச்சிகளும் தின்று வாழும், தரையில் கால் வைப்பதே அபூர்வம். புதுத்தோட்டத்தில் மேல்மரங்கள் குறைந்துபோனதாலும், காட்டை ரோடு இரண்டாகப் பிளந்துவிட்டதாலும் அவை இறங்கி நடக்கப் பழகிவிட்டன. ரோட்டைத் தாண்டாமல் அவற்றுக்கு ஒரு நாள் ஓடாது.

ஒரு சனிக்கிழமை காலை நான் அங்கே அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். முதலில் ஒரு பெரிய ஆண், தரையில் இறங்கி, ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தது. தாண்டியது. அதற்குப் பிறகு இரண்டு பெண்கள். ஒன்றின் வயிற்றில் குட்டி தொங்கியது. பிறந்து சில வாரம் இருக்கும், முகம் வெளிறி, காது மட்டும் பெரிதாக. நான் நகரப் பார்த்தேன். அங்கே காவலுக்கு நிற்கும் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். குரங்குகள் ரோடு தாண்டும்போது வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லவும், தின்பண்டம் போடுகிறவர்களைத் தடுக்கவும் உள்ளூர் ஆட்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

"இன்னும் நாலு பாக்கி இருக்குங்க டீச்சர். சின்னதுக ரெண்டு, கெழவி ஒண்ணு, காலு வராத ஒண்ணு."

எனக்கு மரம்தான் தெரிந்தது. இரண்டு நிமிடம் கழித்து அவர் சொன்ன வரிசையிலேயே வந்தன. முதலில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இரண்டு சின்னவை, அவை ரோட்டைப் பார்க்கவே இல்லை. பிறகு தளர்ந்த ஒரு பெண். கடைசியாக வந்தது பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்து வந்தது. போன வருடம் ஒரு வேன் அடித்தது என்றார்.

அன்றிலிருந்து ஒரு குரங்கு தாண்டுவதைப் பார்த்தால், ஒரு மான் தாண்டினால், ஒரு பன்றி ஓடினால், 'போய்விட்டது' என்று கிளம்புவதில்லை. முன்னால் போனதைத் தொடர்ந்து வருவது பெரும்பாலும் இளசு, அல்லது கிழம், அல்லது நொண்டி. முதலாவதைப் பார்த்து பிரேக் போட்டவர்கள்தான் இரண்டாவதை அடிக்கிறார்கள், ஏனென்றால் தாண்டிப் போனதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கிளம்புகிறார்கள்.

புதுத்தோட்டத்தில் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு செய்த பாலம். வால்பாறையில் பல வருடங்களாக வேலை செய்யும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் வனத்துறையும் செய்த நல்ல காரியம் அது. குரங்குகள் பயன்படுத்துகின்றன, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் பாலத்துக்கு நேர் கீழே ஒருவர் கார் ஜன்னலிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால், எந்தக் குரங்கு பாலத்தில் போகும்? அது கீழேதான் இறங்கும். இறங்குவதோடு நிற்காது. தன் குட்டிக்கும் ரோட்டில் உட்காரப் பழக்கும்.

தின்பண்டம் போடுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் வேதனை. பெரும்பாலும் குழந்தைகளோடு வந்தவர்கள், ஒரு வாழைப்பழம் போட்டால் புண்ணியம் என்று நினைக்கிறவர்கள். அந்தப் பழம் விழுந்த இடம் தார் ரோடு. ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் இன்னொரு வண்டி வரும். இந்தக் குரங்குகள் வீட்டுப் பக்கம் திரியும் நாட்டுக் குரங்கைப் போலப் பெருகுபவை அல்ல, ஒரு பெண் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடுகிறது. ரோட்டில் ஒன்று போனால் அந்தக் கூட்டம் அதை ஈடுகட்ட வெகுகாலம் ஆகும்.

உணவு விலங்கை எப்படி ரோட்டுக்கு இழுக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி சத்தியமங்கலம் பக்கம் இருக்கிறது. திம்பம் மலை ஏறி ஆசனூர் தாண்டி, கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில் காரப்பள்ளம் சோதனைச்சாவடி. தாளவாடி பக்கத்திலிருந்து கரும்பு லாரிகள் அந்த வழியாகத்தான் வரும். அளவுக்கு மேல் உயரமாக ஏற்றிய கரும்பு அங்கே சரிந்து விழும், சில ஓட்டுநர்கள் தாங்களே யானைக்குப் பிடுங்கிப் போடுவதும் உண்டு. விளைவு என்ன? யானைகள் லாரிக்காகக் காத்திருக்கின்றன. குட்டியோடு ரோட்டில் நின்று லாரியை மறிக்கின்றன. கரும்பு லாரியையும் காய்கறி வண்டியையும் பிரித்துப் பார்க்க யானைக்கு அவசியமில்லை, எல்லா வண்டியும் சாப்பாடுதான். மறுநாள் அதே இடத்தில் பைக்கில் வருகிறவர் தலையில்தான் அது விடியும்.

யானை என்றதும் எல்லோரும் கேட்பது, எதிரில் வந்தால் என்ன செய்வது என்றுதான். எங்கள் வால்பாறை மேட்டில் வருடம் முழுவதும் நூறு யானைகள் வரை வந்துபோகின்றன. 1890களிலிருந்து காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். யானைகள் பழைய பாதையை விடவில்லை. நடுஆறு, சோலையாறு ஓரமாக மிச்சமிருக்கும் மரங்களைப் பிடித்துக்கொண்டு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகின்றன. போகிற வழியில் எங்கள் ரோடு குறுக்கிடுகிறது.

பஸ் ஓட்டுகிற எங்கள் மாமா ஒருவர் செய்வதைத்தான் நான் செய்கிறேன். யானை கண்ணில் பட்ட இடத்திலேயே நின்றுவிடுவது. கிட்டே போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமே கூடாது. முன்னால் ஒரு வண்டி நின்றால் அதன் முட்டில் போய் நிற்காமல், பின்னால் வர இடம் விட்டு நிற்பது. இது ரொம்ப முக்கியம். யானை முன்னால் வரும்போது பின்னால் நாலு கார் ஒட்டிக்கொண்டு நின்றால் யாரும் நகர முடியாது. ஹாரன் கூடாது. விளக்கை பிரைட்டில் போட்டு அதன் முகத்தில் அடிக்கக்கூடாது. இறங்கவே கூடாது. குட்டி ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் இருந்தால் நடுவில் புகவே கூடாது. காதை விரித்துக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, நம் பக்கம் திரும்பி நின்றால் அது சொல்லிவிட்டது, அப்போதே பின்னால் எடுத்துவிட வேண்டும். காதை ஆட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தால் அதன் பாட்டுக்குப் போய்விடும். அரை மணி ஆகலாம். ஆகட்டும்.

2022 நவம்பரில் சாலக்குடியிலிருந்து வால்பாறைக்கு வந்த ஒரு தனியார் பஸ்ஸை மளுக்கப்பாறை காட்டு ரோட்டில் ஒற்றை யானை மறித்தது. அந்த ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, விரட்டப் பார்க்கவில்லை. பயணிகளை வைத்துக்கொண்டு, வளைவு நிறைந்த அந்த ரோட்டில், எட்டு கிலோமீட்டர் தூரம் பஸ்ஸைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். கடைசியில் யானை காட்டுக்குள் இறங்கியது. இந்த மலையில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்று யாரைச் சொல்வீர்கள் என்று கேட்டால் நான் அவரைச் சொல்வேன்.

அதற்கு நேர்மாறானதும் நடந்தது. 2025 பிப்ரவரியில், பொள்ளாச்சி வால்பாறை ரோட்டிலேயே, ஒரு யானை ரோட்டில் நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் காத்திருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த வயதான பயணி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அதைக் கடந்து போக முயன்றார். மற்றவர்கள் எச்சரித்தும் நிற்கவில்லை. யானை தாக்கி இறந்துபோனார். அந்த வீடியோ எல்லோர் போனிலும் வந்தது. நான் முழுதாகப் பார்க்கவில்லை. அவர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இந்த மலையைப் பார்க்க வந்திருப்பார், இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது. பைக்கில் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களைச் சுற்றித் தகரம் இல்லை. காட்டு ரோட்டில் யானை நிற்கிறது என்றால் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பஸ் நகர்ந்தால் நகருங்கள்.

வால்பாறையில் சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு பொருத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் யானை வந்தால், அந்தப் பகுதி ஆட்களே போனிலிருந்து அதை எரியவைப்பார்கள். எங்கள் அம்மா கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பும்போது முதலில் பார்ப்பது அந்த விளக்கைத்தான். யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று போனுக்குத் தகவலும் வரும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தச் சிவப்பு விளக்கை ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு கடந்துபோவதைப் பார்க்கும்போது மனது பதைக்கிறது. அது மின்னினால் ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறையுங்கள், எதிரில் வருகிறவர்களிடம் கேளுங்கள்.

யானையைவிட நான் அதிகம் பயப்படுவது காட்டுமாட்டுக்கு. ரொட்டிக்கடைப் பக்கம் சாயங்காலம் தேயிலைக்குள்ளிருந்து மேலேறி வரும். முக்கால் டன், ஒரு டன் எடை. யானை தெரிந்துவிடும், இது தெரியாது. உடம்பு தார் ரோட்டைவிடக் கறுப்பு. ஆனால் நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது மாதிரி இருக்கும். ராத்திரியில் முதலில் தெரிவது அந்தக் காலுறைகள்தான், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், அசையாமல், நாலு வெள்ளைக் கோடுகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி எட்டுக் கோடுகளைப் பார்த்து நின்றேன். நின்ற பிறகுதான் மேலே இரண்டு மலைகள் இருப்பதே தெரிந்தது. மூச்சு வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. விளக்கைப் பார்க்கிங்கில் வைத்தேன். ஒன்று என் பானட்டை முகர்ந்து பார்க்கும் தூரத்தில் தலையைத் தாழ்த்தியது, சளி சிந்துவது போல ஒரு சத்தம் போட்டது, திரும்பி நடந்தது. நாற்பதில் வந்துகொண்டிருந்தேன். அறுபதில் வந்திருந்தால் இதை எழுத நான் இருக்கமாட்டேன்.

குறுக்கே ஏதாவது வந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பாதே, மிதி என்பது அப்பாவின் இன்னொரு பாடம். மலை ரோட்டில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரில் பஸ். திருப்பி ஓடுவதற்கு இடமே கிடையாது. நேராக வைத்துக்கொண்டு முழுதாக மிதிக்கலாம், அதுவும் மெதுவாக வந்திருந்தால்தான் பலிக்கும். இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களுக்குக் கடைசி வளைவுகளில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது, கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்து வைப்பது எல்லாம் தெரிந்ததுதான்.

ராத்திரித் தடை பற்றிக் கேட்பவர்களும் உண்டு. பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பெரும்பாலான வண்டிகள் போக முடியாது. திம்பம் ரோட்டில் 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுத் தடை வந்தது. தாளவாடி, ஆசனூர் மக்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் பக்கமும் எனக்குப் புரிகிறது. காய்கறி அழுகும், ஆஸ்பத்திரி தூரம். நானும் மலையில் பிறந்தவள், பிரசவ வலியில் ஒருத்தியை ராத்திரியில் கீழே கொண்டுபோன ஜீப்பில் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வெறுமனே கடந்துபோகும் கனரக லாரிகளுக்கு, காடு உறங்கி எழுந்து நடமாடும் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வது அதிகம் இல்லை. உள்ளூர் மக்களுக்கு வழி வைத்துவிட்டு மற்றவர்களுக்குத் தடை என்பதுதான் நியாயமாகப் படுகிறது.

தடை எல்லாம் பெரிய விலங்கை வைத்துத்தான் பேசப்படுகிறது. மழை பெய்த ராத்திரியில் எங்கள் ரோட்டில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். காய்ந்த இலை காற்றில் குதிப்பது போல இருக்கும். அது இலை இல்லை, தவளை. ஜூன் மாத முதல் மழைக்கு நூற்றுக்கணக்கில் ரோட்டுக்கு வரும். மண்ணுக்குள்ளேயே வாழும் கேடயவால் பாம்புகள், விரல் தடிமன்கூட இருக்காது, மழை மண்ணை நனைத்ததும் வெளியே வந்து ரோட்டில் நெளியும். விஷம் கிடையாது, யாரையும் கடிக்காது. இந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத வகைகள் அதில் உண்டு. மறுநாள் காலை நடந்து போனால் ரோட்டோடு ஒட்டிப்போய்க் கிடக்கும். நான் அவை எல்லாவற்றுக்கும் நிற்பேன் என்று சொல்லமாட்டேன், முடியாது. முப்பதில் போனால் பாதியைத் தவிர்க்கலாம். அதனால்தான் மழைக்காலத்தில் இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடப் பார்க்கிறேன்.

அடிபட்ட விலங்கைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டர் நான்கையும் எரியவிட்டு, பக்கத்துச் சோதனைச்சாவடிக்குச் சொல்லுங்கள். போகும்போதே அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பாதி ரோட்டில் டவர் கிடைக்காது. கிட்டே போய்த் தொடாதீர்கள். வலியில் இருக்கும் விலங்குக்கு நாம் உதவ வந்தோமா என்று தெரியாது. நான் அன்று மரநாயைத் தூக்கியதும் தப்புதான், அது உயிரோடு இருந்திருந்தால் கையைக் கிழித்திருக்கும்.

அப்பாவுக்கு இப்போது கண்புரை. ராத்திரியில் வெளிச்சம் சிதறித் தெரிகிறது என்று வண்டி ஓட்டுவதை அவராகவே நிறுத்திவிட்டார். போன மாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு இறங்கினேன். புதுத்தோட்டம் வந்ததும் "நிறுத்து" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. நிறுத்தினேன். மரத்திலிருந்து சத்தம் கேட்டது என்றார். ஒரு நிமிடம் போயிருக்கும், தலைக்கு மேலே பாலம் ஆடியது. வயிற்றில் குட்டியோடு ஒரு சிங்கவால், குழாயைப் பிடித்துக்கொண்டு, கீழே நிற்கும் எங்களை எட்டிப் பார்த்தபடி அந்தப் பக்கம் போனது. அப்பாவுக்கு அது நிழலாகத்தான் தெரிந்திருக்கும். "எத்தனை போச்சு?" என்றார். ஒன்று என்றேன். "இரு, இன்னும் வரும்" என்றார். ஏழு வந்தன.

இந்த வெள்ளிக்கிழமையும் மேலே போகிறேன். மழை சொல்லியிருக்கிறார்கள். மூன்றரைக்கே கிளம்பிவிடுகிறேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன்.